ஹனோய் – சைகோன் மெயின் லைன்

இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே சரியாக ஒரு மீட்டர். விழுப்புரம் – தஞ்சாவூர் பாதையில் நான் தண்டவாளப் பராமரிப்பைப் பார்க்கும் இன்ஸ்பெக்டராக (பி.டபிள்யூ.ஐ.) இருந்த காலத்தில், கேஜ் கட்டையை வைத்துப் பார்த்துப் பார்த்துக் கைக்குப் பழகிப்போன அளவு. வியட்நாமின் வடக்கையும் தெற்கையும் சேர்ப்பதும் இதே மீட்டர் கேஜ்தான். அதனால் அந்த நாடு பிரிந்து சேர்ந்த கதையை லைன்காரன் பக்கம் நின்று பார்க்கத்தான் எனக்கு வரும்.

பிரெஞ்சுக்காரர்கள் 1899இல் வேலையைத் தொடங்கினார்கள். கவர்னர் ஜெனரல் பால் தூமேர் போட்ட திட்டம். துண்டு துண்டாகப் போட்டுக்கொண்டே போய், 1936 அக்டோபரில் கடைசித் துண்டு சேர்ந்தபோது ஹனோயிலிருந்து சைகோன் வரை 1,726 கிலோமீட்டர். போட்டு முடிக்க முப்பத்தேழு வருடம். முழுசாக ஓடியதோ சில வருடங்கள்தான். உலகப் போரில் குண்டு விழுந்தது. அதன்பின் பிரெஞ்சுப் படைக்கு வண்டி போகக்கூடாதென்று, விடுதலை கேட்ட கம்யூனிஸ்ட் தலைமையிலான வியட்மின் போராளிகள் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள்.

1954 ஜூலையில் ஜெனீவாவில் அந்தச் சண்டையை நிறுத்தி, 17ஆம் அட்சரேகையை ஒட்டிக் கோடு போட்டார்கள்; வடக்கு வியட்மினுக்கு. நிலத்தில் அந்தக் கோடு பென்ஹாய் என்ற ஆறு. தற்காலிக ஏற்பாடு, 1956இல் நாடு முழுக்கத் தேர்தல் என்றுதான் பேச்சு. தெற்கே ஆட்சிக்கு வந்த நோ தின் தியெம் தேர்தலுக்கு ஒப்புக்கொள்ளவில்லை; அமெரிக்கா அவர் பக்கம் நின்றது. ஒப்பந்தத்தை மேற்பார்வையிட்ட ஆணையத்தில் கனடா, போலந்து, இந்தியா. தலைமை இந்தியாவுக்கு. நம்மவர்கள் அறிக்கை எழுதுவதில் குறை வைக்கவில்லை. மீறலை நிறுத்த அதிகாரம்தான் கையில் இல்லை.

விரும்பிய பக்கம் போய்ச் சேர 300 நாள் அவகாசம். எட்டு லட்சம் பேருக்கு மேல் தெற்கே வந்தார்கள், பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். தெற்கிலிருந்து லட்சத்துக்கு மேற்பட்டோர் வடக்கே போனார்கள். அவர்களில் பலர் மனைவியிடம் இரண்டு வருடத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள். இருபத்தொரு வருடம் ஆயிற்று.

பென்ஹாய் ஆற்றின் மேல் ஹியன்லூவோங் என்று 178 மீட்டர் நீளத்தில் ஒரு சாலைப் பாலம். பாதிப் பாலம் ஒருவருக்கு, மீதி மற்றவருக்கு. தெற்கு தன் பாதிக்கு ஒரு நிறம் அடிக்கும். பாலம் ஒன்றுதான் என்று காட்ட வடக்கும் அதே நிறம் அடிக்கும். உடனே தெற்கு நிறத்தை மாற்றும். இரு கரையிலும் ஒலிபெருக்கிகள் வேறு. போர் மூண்டபின், 1967இல் குண்டு வீசி அந்தப் பாலத்தையும் ஒழித்தார்கள்.

ரயில்வேக்கு இரண்டு பக்கமும் அடிதான். தெற்கே கெரில்லாக்கள் கண்ணிவெடி வைத்ததால் எஞ்சினுக்கு முன்னே காலி வேகன்களைத் தள்ளிக்கொண்டு போனார்கள். வெடித்தால் அது வெடிக்கட்டும், எஞ்சின் பிழைக்கும். வடக்கே தான்ஹோவா அருகிலுள்ள ஹாம்ரோங் பாலத்தை 1965 ஏப்ரலிலிருந்து அமெரிக்க விமானங்கள் அடித்தன. அடிபடும், ஒட்டுப்போடுவார்கள், மறுபடி வண்டி போகும். 1972 மே மாதம் லேசர் வழிகாட்டும் குண்டு வந்த பிறகுதான் அது விழுந்தது. விமானிகளைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன. குண்டுவீச்சுக்கு நடுவே ராத்திரியில் போல்ட் முடுக்கிய கேங்மேன்களைப் பற்றி யார் எழுதினார்கள்?

1975 ஏப்ரல் 30 அன்று வடக்கின் படையிடம் சைகோன் விழுந்தது. 1976 ஜூலை 2இல் காகிதத்தில் ஒரே நாடு ஆனது. அதே ஆண்டு டிசம்பர் 31இல் ஹனோய் – சைகோன் வண்டி மறுபடி புறப்பட்டது. அதற்குள் சரிசெய்தவை 1,334 பாலங்கள், 27 சுரங்கங்கள், 158 ஸ்டேஷன்கள். சாமானுக்கு எங்கே போவது? மலைமேல் இருக்கும் டலாட்டுக்குப் பல்சக்கர ரயில்பாதை ஒன்று இருந்தது. நம் ஊட்டி ரயிலைப்போல, அதே ஸ்விஸ் கம்பெனியின் எஞ்சின்களோடு. போரில் நின்றுபோன அந்தப் பாதையைக் கழற்றி மெயின் லைனுக்குக் கொண்டுவந்து போட்டார்கள். வேறு வழி இருந்திருக்காது. ஆனாலும் மனசு ஆறவில்லை.

அரசாங்கம் அந்த வண்டிக்கு 'ஒற்றுமை' என்று பெயர் வைத்துப் பெருமை பேசியது. பயண நேரம் 72 மணி. மணிக்கு 24 கிலோமீட்டர் என்றால், என் அனுபவத்தில், வழி நெடுக மெதுவாகப் போகச் சொல்லும் காஷன் ஆர்டர் என்று அர்த்தம். பாலங்கள் நின்றன, வேகத்தைத் தாங்கும் நிலையில் இல்லை. எண்பதுகளில் வாரணாசியிலிருந்து டீசல் எஞ்சின்கள் போயின. நம் பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டிகளும் வியட்நாமுக்குப் போயிருக்கின்றன. 1994 வாக்கில் பயணம் 36 மணிக்கு இறங்கியது.

அந்த வண்டியில் ஏறியவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். 1954இல் தெற்கே விட்டுவந்த மனைவியைத் தேடிக் கட்சிக்காரர்கள் ஏறினார்கள். சிலருக்கு இரண்டு ஊரிலும் குடும்பம். வீட்டுக்குத் திரும்பும் சிப்பாய் சைகோனில் வாங்கிய சைக்கிளைக் கட்டிக்கொண்டு ஏறினான். எதிர்த்திசையில், வறுத்த அரிசியும் கருவாடும் மூட்டை கட்டிக்கொண்டு சைகோன் பெண்கள் ஏறினார்கள். தோற்ற படையின் அதிகாரிகளை ஒரு மாதத்துக்கு வேண்டிய சாமானோடு வரச்சொல்லி, 'மறுகல்வி' முகாம்களில் அடைத்திருந்தார்கள். ஒரு மாதம் பலருக்கு ஐந்து, பத்து வருடமாக நீண்டது. வடக்கே மலைக்காட்டு முகாம்களுக்குக் கொண்டுபோன கணவனைச் சில நிமிடம் பார்க்க அந்தப் பெண்களுக்கு மூன்று நாள் பயணம்.

கண்ணிவெடிக்கும் குண்டுக்கும் நடுவே கிடந்த பாதையை இருபது மாதத்தில் ஒன்றாக்கிய லைன்காரர்களுக்கு என் கும்பிடு. வென்ற பக்கத்து அரசியல்காரர்களுக்கு அதே கும்பிடைப் போட என்னால் முடியாது. பிடித்துவைத்திருந்த பழைய சைகோன் ஆட்களில் கடைசியாக இருந்தவர்களையும் விட்டுவிட்டோம் என்று அவர்கள் அறிவித்தபோது 1992 ஆகிவிட்டது.