64-ஏ பிறந்த கதை

திருவனந்தபுரம் மாவட்டத்தின் வெள்ளறடை, பனச்சமூடு பக்கம் மகனின் பையில் கஞ்சாப் பொட்டலத்தைப் பார்த்துவிட்ட தாய்க்கு முதலில் வருவது எக்சைஸ் பயம். “ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா கேஸ் ஆயிருமா?” என்பதுதான் அவள் கேள்வி. சிகிச்சைக்குப் போவது குற்றமில்லை. அதுமட்டுமல்ல, ஏற்கெனவே விழுந்த கேஸிலிருந்தே ஆளை மீட்க, போதைப்பொருள்களுக்கான என்.டி.பி.எஸ். சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. அதன் எண் 64-ஏ.

சட்டம் பிறந்த 1985இல் இந்தப் பிரிவு கிடையாது. அதுவரை நாட்டின் பல பகுதிகளில் உரிமம் பெற்ற கடைகளில் கஞ்சா விற்றது. கஞ்சாப் பழக்கத்தை ஒழிக்க 1961இன் ஐ.நா. உடன்படிக்கை கொடுத்த 25 ஆண்டுத் தவணை முடியும் தறுவாயில், ஆகஸ்ட் 23ஆம் தேதி மக்களவைக்கு வந்த மசோதா, செப்டம்பர் 16இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் பெற்றுவிட்டது. அந்த அவசரம் அளவுகளில் தெரிந்தது. சொந்த உபயோகத்துக்கான ‘சிறிய அளவு’ ஹெராயின் என்றால் வெறும் 250 மில்லிகிராம். அதைத் தாண்டினால் குறைந்தது 10 ஆண்டு சிறை. கைநடுங்கிப் பொட்டலம் வாங்கியவனும் மூட்டை கடத்தியவனும் ஒரே வரிசையில் நின்றார்கள்.

1989இல் திருத்தம் வந்தது, கடுமையாகவே வந்தது. ஜாமீன் கிடைப்பது அரிதானது; மறுபடி பெரிய அளவில் சிக்கினால் கட்டாய மரண தண்டனை என்றது. அதே திருத்தத்துக்குள்தான் 64-ஏயும் நுழைந்தது. அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனைக்குத் தானாக வந்து சிகிச்சை எடுக்கும் அடிமை மீது, போதைப்பொருள் உபயோகித்ததற்காக வழக்கு நடத்தக் கூடாது. ஆனால் அந்தச் சலுகை வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். போதை நோயில் மறுபடி விழுவது எவ்வளவு சகஜம் என்பதை எழுதியவர்கள் யாரிடமும் கேட்டதாகத் தெரியவில்லை.

அந்த ‘ஒரு முறை’ 2001 திருத்தத்தில் போயிற்று. சிறிய அளவு வைத்திருந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட அடிமையும் பாதுகாப்புக்குள் வந்தான். ஹெராயினுக்கு 5 கிராம், கஞ்சாவுக்கு ஒரு கிலோ என அளவுகளும் உயர்ந்தன. திருத்தம் அமலானது அக்டோபர் 2இல். அதற்கு மூன்று மாதம் முன்பு, ஜூலை 1 அன்று, போர்ச்சுக்கல் தன் புதிய முறையைத் தொடங்கியிருந்தது. அங்கே பத்து நாள் உபயோகத்துக்குரிய அளவுக்குள் வைத்திருப்பவன் கோர்ட்டுக்கே போவதில்லை. மூவர் குழு முன் உட்காருகிறான். விற்றால் மட்டும் அங்கேயும் குற்றம்தான். நம் ஊரில் முதலில் கைது, வழக்கு, பிறகுதான் 64-ஏ. மும்பையில் 2001இல் கொக்கேய்ன் வழக்கில் சிக்கிய ஓர் இந்தி நடிகருக்கு இந்தப் பாதுகாப்பு 2012இல்தான் கிடைத்தது. வக்கீல் வைக்க வசதியுள்ளவருக்கே பதினோரு வருஷம்!

கோர்ட்டை விலக்கினால் மட்டும் போதாது என்பதற்கும் சாட்சி உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2021இல் சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பதற்கான தண்டனையை எடுத்துவிட்டு 100 டாலர் அபராதச் சீட்டைக் கொடுத்தது. உதவி எண்ணை அழைத்தால் அபராதம் தள்ளுபடி. அழைத்தவர்கள் சொற்பம், சிகிச்சை இடங்களும் நேரத்துக்குத் தயாராகவில்லை. 2024 செப்டம்பரில் போதைப்பொருள் வைத்திருப்பது மறுபடி குற்றமானது. போர்ச்சுக்கலோ சட்டத்தோடு சேர்த்தே சிகிச்சை மையங்களையும் விரிவாக்கியிருந்தது.

கேரளம் போதை சிகிச்சைக்குப் படுக்கை போடத் தொடங்கியது தாமதமாகத்தான். 2016இல் எக்சைஸ் துறை ‘விமுக்தி’ என்ற போதை ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது, திருவனந்தபுரம் மாவட்டத்துக்கான மையம் நெய்யாற்றின்கரை அரசு மருத்துவமனையில் வந்தது. வெள்ளறடைக்காரர்கள் பஸ் ஏறினால் போய்விடலாம். பிடிக்கிற துறையே மருந்துக்கும் வழிகாட்டுவது விசித்திரம்தான். எக்சைஸ் என்ற பெயரைக் கேட்டாலே ஒதுங்குகிற வீடுகள் இருக்கும்போது இது நல்ல ஏற்பாடு என்று எனக்குத் தோன்றவில்லை. சொந்த உபயோகத்துக்கான சிறிய அளவைக் குற்றப் பட்டியலிலிருந்தே எடுக்கலாம் என்று 2021இல் மத்திய சமூகநீதி அமைச்சகம் பரிந்துரைத்தது. சட்டம் இன்னும் மாறவில்லை.

ஆகவே, வீட்டில் யாராவது சிறிய அளவோடு சிக்கியிருந்தால், 64-ஏயைக் கேட்கும்படி வக்கீலிடம் முதல் நாளே சொல்லுங்கள். சிகிச்சையைப் பாதியில் விட்டால் பாதுகாப்பை ரத்து செய்யலாம் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. அதனால் மருத்துவமனைச் சீட்டுகள் அத்தனையையும் பத்திரப்படுத்துங்கள். கேரளத்தில் விமுக்தியின் இலவச எண் 14405.