குண்டு அமரும் இடம்: என்ஃபீல்ட் தோட்டாவின் கதை

1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைப் பற்றிய எந்தப் பாடமும் கொழுப்பு தடவிய தோட்டாவைக் குறிப்பிடாமல் நகர்வதில்லை. பசுவின் கொழுப்பு, பன்றியின் கொழுப்பு என்னும் அந்த ஒரு வரி நமக்கெல்லாம் பள்ளிப் பருவத்திலேயே மனப்பாடமாகிவிட்டது. ஆனால், ஒரு தோட்டாவுக்குக் கொழுப்பு ஏன் தேவைப்பட்டது என்ற எளிய கேள்வியை நாம் அதிகம் எழுப்பியதில்லை. அதற்கு விடை தேடினால், அரசியல் வரலாற்றிலிருந்து விலகி, துப்பாக்கிக் குழலுக்குள் குண்டு எப்படிச் சென்று அமர வேண்டும் என்ற பழைய தொழில்நுட்பச் சிக்கலுக்குள் நுழைய நேர்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டின் போர்வீரன் ஏந்திய மஸ்கட் துப்பாக்கியின் குழல் உட்புறம் வழவழப்பானது. ஈயக் குண்டு குழலின் விட்டத்தைவிடக் கணிசமாகச் சிறியது. வாய் வழியாக மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, இரும்புக் கோலால் இடித்தால் அது சிரமமின்றி அடியில் போய்ச் சேரும். அந்தத் தளர்ச்சியே அதன் குறையும் ஆயிற்று. குழலுக்குள் தட்டித் தடுமாறி வெளியேறும் குண்டு எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. நூறு கஜத்துக்கு அப்பால் ஒரு தனி மனிதனைக் குறிவைப்பது பெரும்பாலும் வீண் வேலை.

ரைஃபிளின் குழலில் திருகுபோல வெட்டப்பட்ட பள்ளங்கள் உண்டு. அவை குண்டைச் சுழலச் செய்வதால் அது நேராகவும் தொலைவாகவும் செல்கிறது. ஆனால், பள்ளங்கள் குண்டைப் பற்ற வேண்டுமானால் குண்டு குழலோடு இறுக்கமாகப் பொருந்த வேண்டும். இறுக்கமான குண்டை வாய் வழியாக உள்ளே தள்ளுவது பெரும்பாடு. போதாக்குறைக்கு, கரிமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் கசடாக எஞ்சும். சில முறை சுட்டதுமே குழலின் உட்சுவரில் அது படிந்து, அடுத்த குண்டைப் பாதி வழியில் நிறுத்திவிடும். 1800-இல் பிரிட்டிஷ் படையில் அறிமுகமான பேக்கர் ரைஃபிளுடன் தொடக்கத்தில் ஒரு சிறு மரச் சுத்தியலையும் சேர்த்தே வழங்கினார்கள் என்பதிலிருந்து சிக்கலின் அளவை ஊகிக்கலாம்.

தளர்வாக உள்ளே போய், இறுக்கமாக வெளியே வரும் குண்டு வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இவ்விரு தேவைகளையும் இணைக்கும் முயற்சியே அடுத்த ஐம்பது ஆண்டுகளின் துப்பாக்கி வரலாறு எனலாம். 1820-களில் பிரெஞ்சு அதிகாரி டெல்வின் குழலின் அடியில் ஒரு குறுகிய அறையை அமைத்தார். அறையின் விளிம்பில் தங்கும் குண்டைக் கோலால் ஓங்கி இடித்தால் அது நசுங்கிப் பள்ளங்களில் பதியும். ஆனால், நசுங்கிய குண்டு சீராகப் பறக்கவில்லை. 1840-களில் துவனென் குழலின் அடியில் ஓர் இரும்புத் தண்டை நட்டு, அதன்மேல் வைத்துக் குண்டை இடிக்கச் செய்தார். தண்டு வளைந்தது. குழலைத் துடைப்பதும் கடினமாயிற்று.

விடையின் ஒரு நுனி தென்னிந்தியாவில் கிடைத்ததாகச் சொல்லப்படுவது நமக்கு ஆர்வமூட்டும் செய்தி. இங்கே பணிபுரிந்த ஜான் நார்ட்டன் என்ற பிரிட்டிஷ் படை அதிகாரி, உள்ளூர் மக்கள் பயன்படுத்திய ஊதுகுழலின் அம்பைக் கூர்ந்து கவனித்தார். அம்பின் அடியில் தாமரைத் தண்டின் நெட்டி கட்டப்பட்டிருந்தது. ஊதும்போது அது விரிந்து, காற்று கசியாதபடி குழலை அடைத்துக்கொண்டது. அதே முறையில் அடிப்பகுதி குடைவான நீள்வடிவக் குண்டு ஒன்றை 1820-களில் அவர் உருவாக்கினார். அரசு அதை ஏற்கவில்லை. 1836-இல் வில்லியம் கிரீனர் குடைவுக்குள் ஓர் அடைப்பை வைத்துச் செய்த குண்டும் நிராகரிக்கப்பட்டது. பின்னர் பிரெஞ்சுக்காரரான மினியே ஏறத்தாழ இதே கொள்கையில் அமைத்த குண்டுக்கு பிரிட்டிஷ் அரசு 20,000 பவுண்டு கொடுத்தது. கிரீனருக்கு 1,000 பவுண்டு கிடைத்தது, அதுவும் 1857-இல்தான்.

இந்த மரபின் முதிர்ந்த வடிவம் 1853-ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்ட் ரைஃபிள். அதன் குழல் விட்டம் .577 அங்குலம், குண்டு .568 அங்குலம். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்பது பங்கு இடைவெளி. மருந்து வெடித்ததும் குண்டின் குடைவான அடி விரிந்து பள்ளங்களைப் பற்றிக்கொள்ளும். சுருங்கிய இந்த இடைவெளியில்தான் கொழுப்பு வந்து சேர்கிறது. தோட்டா என்பது அன்று ஒரு காகிதக் குழாய். மருந்தும் குண்டும் அதற்குள் இருக்கும். குண்டு இருக்கும் முனையைக் கொழுப்பும் தேன்மெழுகும் கலந்த குழம்பில் தோய்த்திருப்பார்கள். வீரன் மறுமுனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் கொட்டி, பூச்சுள்ள காகிதத்தோடு குண்டை உள்ளே செலுத்துவான். பூச்சு குண்டை வழுக்கிச் செல்லவிடும், படிந்த கசடையும் இளக்கும். தோட்டாவைப் பல்லால் கடிப்பது பழைய மஸ்கட் காலத்துப் பழக்கம்தான். பூச்சுதான் புதிது.

இந்தியத் தட்பவெப்பத்தில் இப்பூச்சு தாங்குமா என்று பார்க்க 1853-இல் மாதிரித் தோட்டாக்கள் அனுப்பப்பட்டன. அப்போது வங்கப் படையின் தலைமை நிர்வாக அதிகாரியாயிருந்த கர்னல் டக்கர், இந்தக் கொழுப்பு எதிலிருந்து எடுக்கப்பட்டது என்று உறுதிசெய்யாமல் சிப்பாய்களிடம் தரலாகாது என எழுத்தில் எச்சரித்தார். அக்கடிதம் பொருட்படுத்தப்படவில்லை. வெயிலில் பூச்சு உருகுகிறதா என்று மட்டும் சோதித்தார்கள். கல்கத்தாவில் தோட்டா செய்யத் தொடங்கியபோது, ஒப்பந்தக்காரர் தந்த கொழுப்பு எந்த விலங்கினுடையது என்று எவரும் விசாரிக்கவில்லை.

1857 ஜனவரியில் டம்டம் படைத்தளத்தில் கிளம்பிய செய்தி விரைவில் பாரக்பூருக்கு எட்டியது. அம்மாத இறுதிக்குள்ளேயே அரசு இறங்கிவந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். தோட்டாக்களைப் பூச்சின்றி வழங்கவும், சிப்பாய்கள் தாங்கள் விரும்பும் பொருளைத் தாங்களே தடவிக்கொள்ளவும் உத்தரவாயிற்று. பல்லால் கடிப்பதற்குப் பதிலாகக் கையால் கிழிக்கலாம் என்று பயிற்சிமுறையும் பின்னர் மாற்றப்பட்டது. ஆனால், ஐயம் அதற்குள் கொழுப்பிலிருந்து காகிதத்தின் பளபளப்புக்குத் தாவியிருந்தது. பிப்ரவரியில் பெர்ஹாம்பூரிலும் ஏப்ரல் 24 அன்று மீரட்டிலும் சிப்பாய்கள் மறுத்தவை பூச்சில்லாத பழைய வகைத் தோட்டாக்களே. மீரட்டில் அன்று மறுத்த 85 பேருக்கு மே 9 அன்று அணிவகுப்புத் திடலில் விலங்கு பூட்டினார்கள். மறுநாள் மீரட் எழுந்தது.

கிளர்ச்சிக்கு அவத் இணைப்பு உள்ளிட்ட பல காரணங்கள் உண்டு. தோட்டா ஒன்றே காரணம் என்பது பிழை. அது வெறும் சாக்கு என்று ஒதுக்குவதும் பிழையே. அரை நூற்றாண்டுக்கு முன், 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததற்கும் புதிய தலைப்பாகையும் அதிலிருந்த தோலும் ஒரு காரணமாயின. தலையில் அணிவது எது, வாயில் படுவது எது என்று அவற்றுக்குரியவனிடம் கேட்கும் வழக்கம் இடைப்பட்ட ஐம்பது ஆண்டுகளிலும் உருவாகவில்லை.

இத்தனை விலை கொடுத்த அந்தத் தோட்டா தொழில்நுட்ப அளவிலும் முழு வெற்றி பெறவில்லை. இந்தியப் போர்க்களங்களில் பிரிட்டிஷ் வீரர்களின் கையிலேயே குண்டுகள் குழலுக்குள் சிக்கிக்கொண்டன. 1850-களின் இறுதியில் குண்டின் விட்டம் .55 அங்குலமாகக் குறைக்கப்பட்டு, பூச்சில் தேன்மெழுகின் பங்கு கூட்டப்பட்டது. 1860-களின் பிற்பகுதியில் பின்புறமாகத் தோட்டாவைச் செருகும் ஸ்னைடர் ரைஃபிள் வந்தது. குண்டும் மருந்தும் ஒரே உலோகக் கூட்டுக்குள் அடங்கின. குண்டை அமரவைக்கும் வேலை வீரனின் கையிலிருந்து தொழிற்சாலைக்குப் போயிற்று. பல்லுக்கு அங்கே வேலையே இல்லை.

மேலை நாடுகளில் குறிசுடுதலைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் இன்றும் சுட்ட பித்தளைக் கூடுகளில் மருந்து நிரப்பிப் புதுக் குண்டைப் பொருத்துகிறார்கள். கூட்டின் கழுத்தில் குண்டு சாய்ந்து நிற்பதும், விளிம்பில் உரசிச் சீவப்படுவதும், அளவுக்கு மீறி ஆழத்தில் இறங்குவதும் அவர்களுடைய கவலைகள். அளவுகருவியைக் கையில் வைத்துக்கொண்டு தீர்க்கக்கூடிய கவலைகள் அவை. ஆயிரத்தில் ஒன்பது பங்கு அங்குலத்தைத் திருத்தமாக அளந்தவர்களிடம் 1853-இல் டக்கர் எழுப்பிய கேள்விக்குக் கருவி ஏதும் வேண்டியிருக்கவில்லை. கொழுப்பைத் தந்த ஒப்பந்தக்காரரை அழைத்து ஒரு வார்த்தை விசாரித்திருந்தால் போதும்.