பட்டனை அழுத்தினா என்ன நடக்குது?

இன்னைக்கு நாம பேசப்போறது ஒரு பட்டனோட வரலாறு. சாம்பல் நிறத்துல ஒரு விண்டோ, நாலஞ்சு கட்டம், கீழே 'ரிப்போர்ட்' என்றோ 'அப்டேட்' என்றோ எழுதிய ஒரு பட்டன். இந்த மாதிரி ஒரு ஸ்கிரீனை ஏதாவது ஆபீஸ்ல கண்டிப்பா பார்த்திருப்பீங்க. மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் மாதிரியான மென்பொருள்ல செய்தது அது. பட்டனை அழுத்தினதும் பின்னாடி ஒரு க்வெரி ஓடும், அதாவது டேட்டாபேஸ்கிட்ட ஒரு கேள்வி கேட்கப்படும். இந்தச் சின்ன விஷயம் சாத்தியமாவதற்கு இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு.

1970க்குப் போவோம். அப்போ பெரிய கம்ப்யூட்டர்கள்ல தகவல்கள் ஒன்றோடொன்று சங்கிலி போலப் பிணைக்கப்பட்டிருந்தன. ஒரு விவரம் வேணும்னா, எந்தக் கண்ணியிலிருந்து எந்தக் கண்ணிக்குப் போகணும்னு புரோகிராமர் வழி எழுதணும். புதுசா ஒரு கேள்வி வந்தா, புதுசா ஒரு புரோகிராம். ஐ.பி.எம். நிறுவனத்துல வேலை பார்த்த எட்கர் காட், அந்த வருஷம் ஒரு கட்டுரை வெளியிட்டார். எல்லாத்தையும் அட்டவணைகளா வைப்போம், 'என்ன வேணும்'னு மட்டும் கேட்போம், 'எப்படி எடுக்கணும்' என்பதை மெஷினே பார்த்துக்கட்டும் என்பதுதான் அதோட சாரம். இன்னைக்கு நமக்கு இது சாதாரணமாத் தெரியும். அன்றைக்கு இது தலைகீழ் சிந்தனை.

நாலு வருஷம் கழிச்சு, 1974ல், அதே ஐ.பி.எம்.மின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 'சீக்வெல்' என்ற மொழியைக் கொண்டுவந்தாங்க. அந்தப் பெயர் வேறொரு நிறுவனத்தோட டிரேட்மார்க்கா இருந்ததால, பிறகு எஸ்.க்யூ.எல். என்று சுருங்கியது. எனக்குப் பிடிச்ச முரண் இங்கேதான் இருக்கு. புரோகிராமர் அல்லாதவங்களும் கேள்வி கேட்கணும் என்பதற்காகத்தான் அதை ஆங்கில வாக்கியம் மாதிரியே அமைச்சாங்க. கடைசியில அது புரோகிராமர்களோட மொழியாவே ஆகிப்போச்சு.

அதே எழுபதுகள்ல மோஷே ஸ்லூஃப் என்ற இன்னொரு ஐ.பி.எம். ஆராய்ச்சியாளர் வேற வழி பிடிச்சார். எதையும் வாக்கியமா எழுதவே வேண்டாம். ஸ்கிரீன்ல காலி அட்டவணை ஒன்று வரும், வேண்டியதை அதுக்குள்ள உதாரணமா நிரப்பினாப் போதும். ஆக்சஸ்ல க்வெரி போடும்போது கட்டம் கட்டமா ஒன்று விரியுமே, அதுக்குப் பாட்டன் இதுதான்.

எண்பதுகள்ல மேசை மேல கம்ப்யூட்டர் வந்தது. வெய்ன் ராட்லிஃப் எழுதிய டிபேஸ் கொடிகட்டிப் பறந்தது. ஆனா அதைத் திறந்தா ஒரு புள்ளிதான் வரவேற்கும். அந்தப் புள்ளிக்குப் பக்கத்துல கட்டளையை நீங்கதான் டைப் செய்யணும். கட்டளை தெரிஞ்சவர் ராஜா, தெரியாதவர் அவருக்காகக் காத்திருக்கணும்.

1991ல் விஷுவல் பேசிக் வந்தது. முதல்ல பட்டனை வரை, பிறகு அதை இரண்டு முறை கிளிக் செய், அழுத்தினா என்ன ஆகணும்னு உள்ளே எழுது. 1992 நவம்பர்ல ஆக்சஸ் வந்தப்போ அட்டவணை, க்வெரி, ஃபார்ம், அதுக்குப் பின்னால இருக்கிற கோட் எல்லாமே ஒரே ஃபைலுக்குள்ள அடங்கியது. அறிமுக விலை 99 டாலர். கணக்குப் பிரிவிலோ ஸ்டோர்ஸிலோ இருக்கிற ஒருத்தர், ஐ.டி. ஆட்களுக்காகக் காத்திருக்காமல் தன் வேலைக்கான மென்பொருளைத் தானே செய்துகொள்ள முடிந்தது.

இப்போ பட்டனுக்குள்ள போவோம். க்வெரியில இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, தகவலை எடுத்துக் காட்டும், அவ்வளவுதான். இன்னொன்று, தகவலையே மாத்தும், சேர்க்கும், அழிக்கும். இரண்டாவது வகை ஓடும்போது, 'இத்தனை வரிகளை அழிக்கப் போறீங்க, சரியா?' என்று ஆக்சஸ் கேட்கும். இது தொல்லையா இருக்குன்னு பலரும் பட்டனுக்குப் பின்னால ஒரு வரி சேர்த்துட்டாங்க: 'செட்வார்னிங்ஸ் ஃபால்ஸ்'. எச்சரிக்கையை அணைச்சுடு என்று அர்த்தம். மறுபடி ஆன் செய்ய மறந்தா, அந்த ஆக்சஸை மூடும் வரைக்கும் எச்சரிக்கையே வராது. சில வரிகள் சேராமல் போனாலும் சத்தமே இருக்காது. இதுக்கு ஒழுங்கான வழி இருக்கு. 'எக்ஸிக்யூட்' கட்டளையோட 'டிபி ஃபெயில் ஆன் எரர்' என்பதைச் சேர்த்தா, தேவையில்லாத கேள்வி வராது, ஆனா தப்பு நடந்தா வேலை நின்னு, பிழை கண் முன்னால வரும். தொல்லையை நீக்குறது வேற, கண்ணைக் கட்டிக்கிறது வேற.

இதெல்லாம் ஆபீஸ் சமாச்சாரம்தானேன்னு தோணுதா? அமெரிக்காவுல ஓட்டு எண்ணப் பயன்பட்ட ஜெம்ஸ் என்ற மென்பொருள், ஆக்சஸ் வகை டேட்டாபேஸ் மேலதான் நின்றது. 2008 நவம்பர் தேர்தலில், கலிஃபோர்னியாவின் ஹம்போல்ட் கவுண்டியில் 197 வாக்குச் சீட்டுகள் எண்ணிக்கையிலிருந்து காணாமல் போயின. சீட்டுகளைத் தனியா ஸ்கேன் செய்து சரிபார்த்த ஒரு தன்னார்வத் திட்டம்தான் அதைக் கண்டுபிடிச்சது. பிறகு மாநிலச் செயலாளர் டெப்ரா போவெனின் அலுவலகம் விசாரிச்சு, 2009 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. அதுல இன்னொரு விஷயமும் வெளியே வந்தது. யார், எப்போ, என்ன செய்தார் என்று பதிவாகிற லாக் இருக்குல்ல, அதைக் காட்டுற ஸ்கிரீன்ல 'சேவ்' பட்டனுக்குப் பக்கத்துலயே 'க்ளியர்' என்று ஒரு பட்டன். கை தவறி அழுத்தினாலும் போச்சு. எந்த எச்சரிக்கையும் இல்லாம பதிவு நிரந்தரமா அழிஞ்சிடும். தேர்தலுக்கு சாட்சி சொல்ல வேண்டிய பதிவு அது!

நான் இதை ஒரு மென்பொருளோட குறையா மட்டும் பார்க்கல. காட் ஆசைப்பட்டது, யார் வேணும்னாலும் கேள்வி கேட்கலாம் என்பது. பட்டன் அதைப் பாதிதான் நிறைவேற்றியது. அழுத்துறவர் ஒருத்தர், கேள்வியை எழுதினவர் வேறொருத்தர். எழுதினவர் வேலையை விட்டுப் போன பிறகும் அந்தக் கேள்வி ஓடிக்கிட்டே இருக்கும்.

ஆனா ஆக்சஸ் பக்கம் நின்னு ஒன்று சொல்லணும். பூட்டி வைக்காத ஃபைல்னா, டிசைன் வியூவுக்குப் போய் பட்டனுக்குப் பின்னால என்ன எழுதியிருக்குன்னு நீங்களே படிக்கலாம். இன்னைக்கு உங்க போன்ல 'கன்ஃபர்ம்', 'அலோ' என்று தினமும் அழுத்துற பட்டன்கள்ல எத்தனையை அப்படித் திறந்து பார்க்க முடியும்? யோசிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.