நம் இல்லங்களில் நறும்புகை: ஒரு வரலாற்று நோக்கு

ஆலய வாயிலைக் கடந்து வருகின்ற பக்தப் பெருமக்களை அம்பாளின் திருவுருவம் எதிர்கொள்வதற்கு முன்பே எதிர்கொள்வது சாம்பிராணியின் நறுமணமாகும். கண் காண்பதற்கு முன் மூக்கு அறிந்துவிடுகிறது; மூக்கு அறிந்தவுடன் மனம் அடங்கிவிடுகிறது. ஆலயங்களின் வரலாற்றை எழுதுவோர் கருவறையையும் கோபுரத்தையும் திருப்பணி செய்தோரையும் குறிப்பிடுவர். அது முறையே. ஆயினும், கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர் ஆலயத்தில் மட்டுமன்றித் தத்தம் லயன் வீடுகளிலும் எழுப்பிய நறும்புகைக்கும் ஒரு வரலாறு உண்டு. அது கல்லில் பொறிக்கப்படாத வரலாறு. அதனை இம்மலர் வாயிலாக இயன்ற அளவு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கூதிர் காலத்து மணம்

இல்லத்திற்கு நறுமணமூட்டும் வழக்கம் தமிழருக்குப் புதியதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை, ஐப்பசி, கார்த்திகை மாதங்களாகிய கூதிர் காலத்தை விரித்துரைக்கின்றது. அக்காலத்தில் விசிறிகள் பயனின்றித் தொங்குகின்றன, சாளரங்கள் அடைக்கப்படுகின்றன, குளிர்ந்த சந்தனத்தை மகளிர் விரும்புவதில்லை. மாறாக, தகர விறகில் நெருப்பு மூட்டி, அதில் அகிலையும் வெண்ணிறக் கண்டசருக்கரையையும் இட்டுப் புகைக்கின்றனர். குளிரும் ஈரமும் வீட்டைச் சூழும்போது வெப்பத்தையும் மணத்தையும் ஒரே நெருப்பிலிருந்து பெற்றுக்கொண்டனர் நம் மூதாதையர்.

நம் மலேசிய மண்ணில் கூதிர் என்றும் இலையுதிர் காலம் என்றும் தனிப் பருவங்கள் இல்லை. எனினும், மேற்குக் கரையோரச் சிலாங்கூரில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மழை மிகுந்து பெய்வதைத் தோட்டத்தில் வாழ்ந்தோர் நன்கறிவர். அதே ஐப்பசி, அதே கார்த்திகை. பலகைச் சுவரில் பூஞ்சை படரும். துவைத்த துணி மூன்று நாளாகியும் உலராது. பாயும் தலையணையும் ஈரவாடை வீசும். மரம் நனைந்தால் பால் வெட்ட இயலாது. வெட்டாத நாளில் வருமானமும் குறையும். அத்தகைய மாலைகளில்தான் நம் அன்னையர் தவறாமல் சாம்பிராணி போட்டனர். நெடுநல்வாடையை அவர்கள் படித்ததில்லை. ஆனால் அப்பாட்டு கூறும் வாழ்க்கையை அவர்கள் வாழ்ந்தனர் என்றால் அது மிகையாகாது.

குங்கிலியக்கலய நாயனாரும் அவர்தம் துணைவியாரும்

நறும்புகைத் தொண்டினாலேயே நாயன்மார் வரிசையில் இடம்பெற்றவர் திருக்கடவூரில் வாழ்ந்த குங்கிலியக்கலயர். சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் அவரது வரலாற்றைப் பாடியுள்ளார். வறுமை முற்றிய நாளில், நெல் வாங்கி வருமாறு துணைவியார் தம் திருமாங்கல்யத்தைக் கழற்றித் தருகின்றார். வழியில் குங்கிலியப் பொதியுடன் வந்த வணிகரைக் கண்ட நாயனார், தாலியைக் கொடுத்துப் பொதியை வாங்கித் திருக்கோயிலில் சேர்த்துவிடுகின்றார். இறைவன் அருளால் அன்றிரவே அவரது இல்லம் செல்வத்தால் நிறைகின்றது. பின்னர்த் திருப்பனந்தாளில் சாய்ந்திருந்த சிவலிங்கத்தைத் தம் கழுத்தில் கயிறு பூட்டி நிமிர்த்தியவரும் இவரே.

இவ்வரலாற்றைக் கேட்கும்போதெல்லாம் நாயனாரின் பக்தியை வியக்கின்றோம். மறுசொல் கூறாமல் தாலியைக் கழற்றித் தந்துவிட்டு, பசித்த மக்களுடன் காத்திருந்த அம்மையாரை நாம் போதிய அளவு நினைப்பதில்லை. நம் தோட்டங்களிலும் சாம்பிராணிக்கான காசு பெரும்பாலும் பெண்களின் முந்தானை முடிச்சிலிருந்தே வந்தது. சம்பள நாளன்று அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், உப்புமீன் என்று பட்டியலிட்டுக் கடன் கணக்கைத் தீர்த்த பின்னர், எஞ்சிய சில்லறையில் ஒரு பொட்டலம் சாம்பிராணியும் வாங்குவார் என் தாயார். அந்தப் பொட்டலம் வாங்கப்படாத மாதம் ஒன்றையேனும் நான் கண்டதில்லை.

அக்கரையிலிருந்து வந்த பிசின்

சாம்பிராணி தாயகமாம் தமிழகத்திலிருந்து வந்த பொருள் என்றே நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றோம். உண்மை வேறு. நாம் சாம்பிராணி என்று பெரிதும் வழங்கும் பிசின் சுமத்திரா தீவிலும் சயாம், லாவோஸ் பகுதிகளிலும் வளரும் மரவகைகளிலிருந்து கிடைப்பதாகும். மலாய்க்காரர்கள் இதனைக் கெமெனியான் என்பர். அராபிய வணிகர்கள் இதனை 'லுபான் ஜாவி' என்றழைத்தனர். ஜாவி என்று அவர்கள் குறித்தது சுமத்திரா உள்ளிட்ட இத்தீவுகளையே. அச்சொல் ஐரோப்பியர் நாவில் திரிந்து 'பென்சாயின்' ஆயிற்று. 1830-களில் ஜெர்மானிய வேதியியல் அறிஞர் மிட்செர்லிக், இப்பிசினிலிருந்து பெறப்படும் அமிலத்தைக் கொண்டு ஒரு நீர்மத்தைப் பிரித்தெடுத்து அதற்குப் 'பென்சின்' என்று பெயரிட்டார். இன்று வேதியியல் நூல்களில் காணும் 'பென்சீன்' என்னும் பெயரின் வேர், நம் வீட்டுத் தூபக்காலில் புகையும் பிசினில் இருக்கின்றது!

கடல்வழி மணப்பொருள் வாணிகத்தில் தமிழருக்கு நெடுங்காலத் தொடர்பு உண்டு. அகில், சந்தனம், வாசப் பொருள்கள், கருப்பூரம் ஆகியவற்றைக் கலங்கள் கொண்டு வந்ததைச் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை குறிப்பிடுகின்றது. சுமத்திராவின் மேற்குக் கரையில் கருப்பூரத்திற்குப் பெயர்பெற்ற பாருஸ் துறைமுகத்தை அடுத்த லோபு துவாவில், 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் தமிழ் வணிகக் குழுவினர் அங்கு வரும் மரக்கலத்தாரிடம், கஸ்தூரியின் விலையை அளவாகக் கொண்டு, பொன்னாக ஆயம் பெற்ற செய்தி அதில் உள்ளது. இராசேந்திர சோழனின் கடற்படை கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் தாக்கிய 1025-ஆம் ஆண்டிற்குப் பின் அறுபத்து மூன்று ஆண்டுகளே கடந்திருந்த காலம் அது. படை வந்து திரும்பியது, வணிகர்கள் தங்கினர்.

கோல சிலாங்கூர் மெலாவத்திக் குன்றின் மீது நின்று மேற்கே நோக்குவோர்க்கு மலாக்கா நீரிணை தெரியும். 1784-இல் டச்சுக்காரர்கள் கைப்பற்றியதும் மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் மீட்டதும் இக்குன்றின் கோட்டையையே. அந்நீரிணைக்கு அப்பால் இருப்பது சுமத்திரா. அதன் வடபகுதி மேட்டுநிலங்களில் பாத்தாக் இன மக்கள் சாம்பிராணி மரத்தின் பட்டையைக் கீறிவிடுகின்றனர். காயத்திலிருந்து கசியும் பால் போன்ற நீர் சில மாதங்களில் இறுகிப் பிசினாகின்றது. அதனைச் சுரண்டியெடுத்து விற்கின்றனர். எண்ணிப் பாருங்கள்: இக்கரையில் நம்மவர் பட்டையைக் கீறிப் பால் எடுத்தனர், அக்கரையில் அவர்களும் பட்டையைக் கீறிப் பிசின் எடுத்தனர். நாம் எடுத்தது கப்பலேறிச் சென்றது. அவர்கள் எடுத்தது கப்பலேறி வந்து நம் பூசை மாடத்தை மணக்கச் செய்தது. இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை.

தோட்டத்தில் இரண்டு புகைகள்

1907-இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்ட பின்னர், 1938-இல் இந்திய அரசு தொழிலாளர் வருகையைத் தடுத்து நிறுத்தும் வரையில், பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் இரப்பர்த் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தனர். புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக், 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என வழங்கும் பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய பகுதிகள் அவ்வாறு தமிழொலி கேட்ட இடங்களாயின.

இரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தோர்க்கு அதன் வாடையைச் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. உறைந்த ஒட்டுப்பாலின் புளித்த நாற்றம், பாலை உறைய வைக்கும் அமிலத்தின் நெடி, புகைக்கூடத்தில் நாட்கணக்கில் விறகுப் புகையில் தொங்கும் இரப்பர்த் தகடுகளின் வீச்சம் ஆகிய மூன்றும் ஆடையிலும் கூந்தலிலும் ஊறியிருக்கும். தோட்டத்தில் ஆக, இரண்டு புகைகள் எழுந்தன. ஒன்று, புகைக்கூடத்தினின்று எழுந்தது. அது கம்பெனிக்காக எழுந்த புகை. மற்றொன்று, லயன் வீட்டு வாசலிலிருந்து எழுந்தது. அது நமக்காக நாமே எழுப்பிய புகை. நிலமும் மரமும் வீடும் பிறருடையவை. வெள்ளிக்கிழமை மாலை வீட்டிற்குள் நிறைந்த அந்த மணம் மட்டுமே நம்முடையதாக இருந்தது.

என் தாயாரின் தூபக்கால் பித்தளையாலானதன்று. பால் டின் ஒன்றின் பக்கங்களில் ஆணியால் துளையிட்டு, கம்பியால் கைப்பிடி அமைத்துத் தந்தவர் என் தந்தையார். கொட்டாங்கச்சியை எரித்துத் தணலாக்கி, அதன்மேல் இடித்த சாம்பிராணியைத் தூவுவார் தாயார். மாடத்தில் விளக்கேற்றி, சுவாமி படங்களுக்குக் காட்டிய பின்னர், ஒவ்வோர் அறையின் மூலையிலும், அரிசிப் பானையின் அருகிலும், இறுதியாக எங்கள் தலைக்கு மேலும் காட்டுவார். மாரியம்மன் கோயில் மணியோசை கேட்கும் அவ்வேளையில் எவரும் உரக்கப் பேசியதில்லை. குடித்திருந்தவர்கூடக் குரலைத் தாழ்த்திக்கொண்டனர்.

இவ்வட்டாரத்திலேயே, தென்னமரம் என்று தமிழ்ப் பெயர் தாங்கிய தோட்டத்தில், 1917-இல் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைச் சாகுபடியைத் தொடங்கினார். பிற்காலத்தில் இரப்பர் பின்வாங்கிச் செம்பனை எங்கும் பரவியது. புகைக்கூடங்கள் குளிர்ந்தன. பின்னர்த் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் சிதறினர். ஆயினும் வெள்ளிக்கிழமைப் புகை பெட்டி படுக்கையுடன் பட்டணத்திற்கும் குடிபெயர்ந்தது.

புகையின் எல்லை

வரலாற்றை எழுதுவோன் போற்றுவதோடு நின்றுவிடலாகாது. சாம்பிராணிப் புகை கொசுவை விரட்டும், காய்ச்சலை அண்டவிடாது என்று நம் பாட்டிமார் நம்பினர். ஆனால் தோட்டங்களில் மலேரியாவால் மாண்டோரைப் புகை காப்பாற்றவில்லை. கிள்ளானில் 1901 முதல் மருத்துவப் பணியாற்றிய மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களை வடித்துக் கொசுவின் பிறப்பிடத்தை ஒழித்தபோதே காய்ச்சல் தணியத் தொடங்கியது. நறும்புகை மனத்திற்கு மருந்து. வடிகாலே உடலுக்கு மருந்து. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளுதல் கூடாது.

இவ்வுண்மையை நான் என் இல்லத்திலேயே கற்க நேர்ந்தது. அரசுப் பணியின் பொருட்டு அடுக்குமாடி வீடொன்றில் குடியேறினோம். என் இளைய மகளுக்கு இழுப்பு நோய் இருப்பது தெரிய வந்தது. எவ்வகைப் புகையும் வீட்டிற்குள் ஆகாது என்றார் மருத்துவர். அன்று மாலை தூபக்காலைத் துடைத்துத் துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்தார் என் தாயார். ஒரு சொல்லும் பேசவில்லை. அடுத்த வெள்ளியன்று விளக்கு மட்டும் ஏற்றப்பட்டது. "வீடு வீடு மாதிரி இல்லையேப்பா" என்று மட்டும் கூறினார். எதிர்மொழி கூற என்னால் இயலவில்லை.

அடுப்பில் எழுந்த மணம்

அதற்கு வழி கண்டவர் என் துணைவியார். மலாய் அண்டை வீட்டார் தம் திருமணத்தின்போது தந்த 'பூங்கா ராம்பாய்' அவருக்கு நினைவு வந்தது. மெல்லியதாக அரிந்த பாண்டான் இலையுடன் மல்லிகை, ரோஜா இதழ்களைக் கலந்து மணமூட்டும் அவர்களது மரபு அது. பாண்டான் இலை நீரில் கொதித்தாலும் மணக்குமல்லவா?

ஒரு சிறு பாத்திரத்தில் நான்கு குவளை நீர், முடிச்சிட்ட பாண்டான் இலை மூன்று, நசுக்கிய எலுமிச்சம்புல் இரண்டு தண்டு, ஒரு துண்டு பட்டை, ஆறு கிராம்பு, ஓர் எலுமிச்சையின் தோல். நீர் கொதித்ததும் அடுப்பைத் தணித்து, ஆவி மட்டும் மெல்ல எழுமாறு விடுதல் வேண்டும். நீர் வற்ற வற்றச் சிறிது சேர்த்துக்கொள்ளலாம். பாத்திரத்தை அடுப்பில் விட்டு அப்பால் செல்லுதல் ஆகாது. அவ்வளவே. புகை இல்லை, சாம்பல் இல்லை. கால் மணி நேரத்தில் வீடு முழுவதும் மணந்தது. அதன் பின்னரும் மகளின் மூச்சைச் சில நாட்கள் கூர்ந்து கவனித்த பிறகே இதனை வழக்கமாக்கிக்கொண்டோம். நறுமணமும் ஒவ்வாதோர் உண்டு என்பதை நினைவிற் கொள்ளுதல் நலம்.

முதல் நாள் தாயார் சமையலறை வாசலில் நின்று பார்த்தார். இரண்டாம் வெள்ளியன்று, "கிராம்பு பத்தாது" என்று கூறி மேலும் இரண்டைப் போட்டார். மூன்றாம் வெள்ளியன்று அப்பாத்திரத்தைத் துணியால் பிடித்து, ஆவி எழ எழ, சுவாமி படங்களுக்குக் காட்டினார். பின்னர், பழைய முறைப்படியே ஒவ்வோர் அறையின் மூலைக்கும் கொண்டு சென்றார். பேத்தி அவர் பின்னால் நடந்து சென்றாள்.

அன்றுதான் ஒன்றை உணர்ந்தேன். சங்க காலத்தில் அகிலாக இருந்தது, நாயனார் காலத்தில் குங்கிலியமாக இருந்தது, தோட்டத்தில் சுமத்திராப் பிசினாக இருந்தது. இன்று என் இல்லத்தில் பாண்டான் இலையாக இருக்கின்றது. பொருள் மாறிக்கொண்டே வந்துள்ளது. மாறாமல் நின்றது, பகலின் நாற்றங்களையெல்லாம் வாசலில் நிறுத்திவிட்டு, இவ்வீடு இறைவனும் நாமும் சேர்ந்து வாழும் இடம் என்று ஒரு தாய் மாலைதோறும் உறுதி செய்யும் செயலே.

தூபக்கால் இன்னும் எங்கள் அலமாரியில் பத்திரமாக உள்ளது. ஆண்டுதோறும் திருவிழாவிற்கு ஊர் திரும்பும்போது தாயார் அதனை உடன் எடுத்து வருகின்றார். ஆலயத்தின் திறந்த வெளியில், காற்றோட்டமான இடத்தில், தம் கைப்படத் தணலிட்டுச் சாம்பிராணி தூவுகின்றார். மகள் சற்றுத் தொலைவில் நின்று கைகூப்புகின்றாள். இளந்தலைமுறையினர் தத்தம் இல்லத்துப் பெரியோரிடம் இத்தகைய வழக்கங்களின் வரலாற்றைக் கேட்டறிந்து எழுதி வைப்பார்களாயின், கல்வெட்டுகள் கூறாத நம் கதையும் காலத்தால் அழியாது நிற்கும். அதற்கு அன்னை அருள்புரிவாளாக!