பெயர் செய்த பிழை

மட்டக்களப்பு வாவி கடலோடு கலக்கும் வாய்கள் இரண்டு. வடக்கே பாலமீன்மடு, தெற்கே பெரியகல்லாறு. இதே வாவியில், நகருக்கு அண்மையில், மாந்தீவு என்னும் சிறு தீவொன்றுண்டு. பிரித்தானியர் ஆட்சியில் அங்கே தொழுநோய் வைத்தியசாலை அமைந்தது. தொழுநோயாளரைக் கட்டாயமாகப் பிரித்துவைக்க 1901ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்திருந்தது. தோணியேறிச் சென்று வாழ்நாள் முழுவதையும் அங்கேயே கழித்தவர்கள் உண்டு.

தோலில் ஒரு படை கண்டால் வாவிக்கரை மக்கள் அஞ்சியதில் வியப்பென்ன? ஆனால், அந்த அச்சத்துக்குச் சிறிதும் உரியதல்லாத நோயொன்றும் அதற்கு இரையாயிற்று. அதுவே காளாஞ்சகப்படை, மருத்துவர் சொரியாசிஸ் என்பர்.

பிழையின் வேர் பெயரிலே இருக்கிறது. நம் சித்த வைத்தியர் தோல் நோய்கள் பலவற்றைப் பதினெண் குட்டம் என ஒரே தலைப்பில் அடக்கினர். மேல்நாட்டாரும் அவ்வாறே. கிரேக்கர் செதிலுதிரும் நோயை ‘லெப்ரா’ என்றனர். பிற்காலத்தில் தொழுநோய்க்கும் அப்பெயரே வழங்கலாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் மருத்துவர் ரொபேட் வில்லான் சொரியாசிசைக் கூர்ந்து நோக்கி எழுதினார். எழுதியும் என்ன? அதன் ஒரு வடிவத்துக்கு லெப்ரா என்ற பொல்லாத பெயரையே விட்டுச் சென்றார்! 1841இல் வியன்னா நகர ஹெப்ராதான் அப்பெயரைக் களைந்தார். 1873இல் நோர்வே நாட்டு ஹன்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்தார்.

சொரியாசிசுக்குக் கிருமி இல்லை. உடலின் காப்பாற்றல் தடம் மாறுவதால், ஏறத்தாழ நான்கு வாரங்களில் முதிர்ந்து உதிரவேண்டிய தோலணுக்கள் சில நாட்களிலேயே மேலெழுந்து குவிகின்றன. முழங்கை, முழங்கால், தலை ஆகிய இடங்களில் தடித்த படையும் வெள்ளிச் செதிலும் தோன்றும், அரிப்பும் உண்டு. தொழுநோய்த் தேமலிலோ பெரும்பாலும் உணர்ச்சி குன்றியிருக்கும். ஒரே பாயில் படுத்தாலும் ஒரே கலத்தில் உண்டாலும் சொரியாசிஸ் தொற்றாது.

இந்நோயை அடியோடு அகற்றும் மருந்து இன்னும் இல்லை, அடக்கி வைக்கலாம். குளித்தபின் தேங்காயெண்ணெய் பூசித் தோலை வறளாது காத்தல் நன்று. செதிலைப் பிய்த்தலாகாது, காயம்பட்ட இடத்திலே புதுப்படை எழுவதுண்டு. தொண்டை அழற்சி, மது, புகை, மனக்கவலை ஆகியன நோயைக் கிளறும். நிலக்கரித் தாரும் புறஊதாக் கதிரும் சேர்ந்த மருத்துவத்தை அமெரிக்கரான கோக்கர்மன் 1925இல் வெளியிட்டார். இன்று களிம்புகளும், கடுநோய்க்கு உள்மருந்துகளும் ஊசிகளும் உள்ளன. கடையில் தாமாகவே ஸ்டெரோயிட் மாத்திரை வாங்கி விழுங்குவோர், அதனை நிறுத்தியதும் நோய் முன்னிலும் மூர்க்கமாய்த் திரும்பக் காண்பர். மூட்டு வீங்கினால் நாள் கடத்தாது வைத்தியரை நாடவேண்டும்.

தொழுநோயும் இன்று பழைய தொழுநோயன்று. கூட்டு மருந்தினால் அது முற்றாகக் குணமாகிறது; 1995இல் இலங்கையில் நோயாளர் தொகை பத்தாயிரத்துக்கு ஒருவருக்கும் குறைந்தது. இருந்தும், முழங்கைப் படையை நீண்ட சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, கலியாணப் பேச்சு வரும்போதெல்லாம் நடுங்கும் பெண்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுள் எவரேனும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அரசாங்க வைத்தியசாலையின் தோல் நோய்ப் பிரிவுக்கு ஒருமுறை செல்லட்டும். தேவையாயின், படையிலே பஞ்சால் தொட்டு உணர்ச்சி உண்டா என்று அங்கே பார்ப்பார்கள்.