ஐம்பது ஆண்டுகளின் பின் திருத்தப்பட்ட ஒரு படைவீரனின் பதிவேடு

சொந்த மண்ணைவிட்டுப் பெயர்ந்து வந்த எம்மவர்க்கு ஒரு தாளின் பெறுமதியைப் பிறர் எடுத்துக்கூற வேண்டியதில்லை. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், திருமணப் பதிவு, பாடசாலை விடுகைப் பத்திரம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று கைவசம் இல்லாத காரணத்தால் மாதக்கணக்காக அலுவலக வாயில்களில் காத்துநின்ற அனுபவம் எம்மில் பலருக்கு உண்டு. பிழையாகப் பதியப்பட்ட ஒரு பெயரைத் திருத்துவதற்கு எத்தனை விண்ணப்பங்கள், எத்தனை சாட்சியங்கள் வேண்டும் என்பதையும் நாம் அறிவோம்.

பதிவேடுகளைப் பேணுவதில் பெயர்பெற்ற ஐக்கிய அமெரிக்காவிலும் இந்த நிலை பலருக்கு நேர்ந்துள்ளது. அந்நாட்டுக்காகக் குருதி சிந்திய படைவீரர்களும் அவர்களது மனைவி மக்களும், சேவைப் பதிவேட்டில் விடுபட்டுப்போன பதக்கங்களைச் சேர்ப்பதற்காகவும், தவறாக ஏற்றப்பட்ட களங்கத்தை நீக்குவதற்காகவும் பல ஆண்டுகள் போராடியுள்ளனர். அத்தகையவர்களுள் எட்வேர்ட் அலன் காட்டர் என்பவரின் வரலாறு எமது வாசகர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்றாகும்.

கல்கத்தாவிலிருந்து போர்க்களம் வரை

காட்டர் 1916 ஆம் ஆண்டு மே 26 ஆம் நாள் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிற் பிறந்தார். தந்தையார் கறுப்பினத்தைச் சேர்ந்த அமெரிக்க மதபோதகர். தாயார் கல்கத்தாவைச் சேர்ந்த இந்தியப் பெண்மணி. குழந்தைப்பருவம் இந்தியாவிலும், பின்னர் சீனாவின் ஷங்காய் நகரிலும் கழிந்தது. ஆங்கிலத்தோடு ஹிந்தியும் சீனமும் ஜேர்மன் மொழியும் அவருக்குப் பழக்கமாயின. 1932 இல் ஜப்பானியர் ஷங்காயைத் தாக்கியபோது, வயது நிரம்பாத இளைஞனாகவே சீனப் படையிற் சேர்ந்தார். உண்மையான வயது தெரியவந்ததும் திருப்பி அனுப்பப்பட்டார். பின்னர் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பிராங்கோவின் படைகளை எதிர்த்து நின்ற ஆபிரகாம் லிங்கன் படையணியில் இணைந்து போரிட்டார்.

1941 செப்டெம்பரில் அமெரிக்க இராணுவத்திற் சேர்ந்த அவர், ஓராண்டு முடிவதற்குள்ளேயே ஸ்டாஃப் சார்ஜன்ட் என்ற பதவிநிலைக்கு உயர்ந்தார். ஆயினும் அக்காலத்து அமெரிக்க இராணுவம் நிறத்தால் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. கறுப்பினத்தவரிற் பெரும்பாலானோர்க்குப் பொருட்களை ஏற்றுவதும் இறக்குவதும் பாரவூர்தி ஓட்டுவதுமே பணியாகக் கொடுக்கப்பட்டன. இரண்டு போர்களைக் கண்டுவந்த காட்டரும் 1944 இல் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டபோது ஒரு போக்குவரத்துப் பிரிவிலேயே வைக்கப்பட்டார்.

1944 டிசெம்பரில் ஜேர்மன் படைகள் ஆர்டென் காட்டுப் பகுதியில் நடத்திய பெருந்தாக்குதலில் அமெரிக்கக் காலாட்படை கடும் இழப்பைச் சந்தித்தது. ஆட்பற்றாக்குறை ஏற்பட்டதும், போர்முனைக்குச் செல்ல விரும்பும் கறுப்பினத்தவர் முன்வரலாம் என்ற அழைப்பு விடுக்கப்பட்டது. வெள்ளையினச் சிப்பாய்கள் கறுப்பினத்தவர் ஒருவரின் கட்டளைக்குக் கீழ்ப்படிய நேரக்கூடாது என்பதனால், முன்வருவோர் தமது பதவிநிலையைத் துறக்க வேண்டும் என்ற நிபந்தனையும் விதிக்கப்பட்டது. காட்டர் தமது பதவியைத் துறந்து சாதாரணச் சிப்பாயாகப் போர்முனைக்குச் சென்றார்.

ஸ்பேயர் நகரருகே

1945 மார்ச் 23 ஆம் நாள் காலை, ஜேர்மனியின் ஸ்பேயர் நகருக்கு அருகே, அவர் ஏறிச்சென்ற டாங்கியின் மீது ஒரு பெரிய களஞ்சியசாலைப் பக்கமிருந்து தாக்குதல் நடத்தப்பட்டது. எதிரியின் நிலையை அறிந்துவர, சுமார் 150 யார் அகலமான வெட்டவெளியைக் கடக்கவேண்டும். மூவரை அழைத்துக்கொண்டு காட்டர் புறப்பட்டார். ஒருவர் அவ்விடத்திலேயே கொல்லப்பட்டார். மற்ற இருவரையும் திரும்பிச் செல்லுமாறு பணித்துவிட்டு அவர் தனித்து முன்னேறினார். திரும்பிய இருவரில் ஒருவர் உயிரிழந்தார், மற்றவர் படுகாயமடைந்தார்.

காட்டரின் இடக்கையில் மூன்று குண்டுகள் பாய்ந்தன. காலில் ஒன்று பாய்ந்தது. தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் குடிக்க முயன்றபோது இன்னொரு குண்டு உள்ளங்கையைத் துளைத்துச் சென்றது. ஐந்து காயங்களுடன் தவழ்ந்து சென்று ஒரு மண்மேட்டின் மறைவில் இரண்டு மணிநேரம் கிடந்தார். அவரைச் சிறைப்பிடிக்க வந்த எட்டு ஜேர்மன் சிப்பாய்களில் அறுவரைச் சுட்டு வீழ்த்தி, எஞ்சிய இருவரைக் கைதிகளாக்கி, அவர்களைக் கேடயமாக முன்னிறுத்தியே வெட்டவெளியைக் கடந்து மீண்டார். கைதிகளிடமிருந்து அறிந்தவற்றையும் தான் கண்டவற்றையும் முழுமையாகத் தெரிவித்த பின்னரே சிகிச்சைக்குச் செல்லச் சம்மதித்தார். இதற்காக அவருக்குச் சிறப்புச் சேவைச் சிலுவை என்னும் பதக்கம் வழங்கப்பட்டது. அது அமெரிக்க இராணுவத்தின் வீரப் பதக்கங்களுள் இரண்டாம் நிலையிலுள்ளது. முதலாம் நிலையிலுள்ளது ‘மெடல் ஒப் ஒனர்’ எனப்படுவதாகும்.

காரணம் கூறப்படாத மறுப்பு

போர் முடிந்த பின்னரும் இராணுவ வாழ்வையே விரும்பிய காட்டர், 1949 இல் தமது சேவைக்காலத்தை நீடிக்க வேண்டினார். அனுமதி மறுக்கப்பட்டது. காரணம் கூறப்படவில்லை. நிறப்பிரிவினையை இராணுவத்திலிருந்து நீக்குமாறு ஜனாதிபதி ட்ரூமன் 1948 ஜூலையில் ஆணை பிறப்பித்து ஓராண்டு கழிந்திருந்த வேளை அது. காட்டர் மேல்முறையீடு செய்தார். குடியியல் உரிமைகளுக்கான சங்கமொன்றும் அவருக்குத் துணைநின்றது. எவ்விதப் பயனும் விளையவில்லை.

சீனாவில் வளர்ந்தவர், சீனமொழி பேசுபவர், ஸ்பெயினில் இடதுசாரிகளோடு நின்றவர் என்ற காரணங்களால் இராணுவப் புலனாய்வுப் பிரிவு அவரைப் போர்க்காலத்திலேயே இரகசியமாகக் கண்காணிக்கத் தொடங்கியிருந்தது. அவர்மீது எவ்விதக் குற்றமும் நிரூபிக்கப்படவில்லை. குற்றச்சாட்டு என்ன என்றுகூட அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. ஆனால் சந்தேகம் மட்டும் கோப்பில் ஏறிவிட்டது. ரயர் செப்பனிடும் தொழில் செய்து குடும்பத்தைக் காத்த காட்டர், 1963 ஜனவரி 30 ஆம் நாள், தமது 46 ஆவது வயதில், நுரையீரற் புற்றுநோயால் மறைந்தார். தாம் ஏன் விலக்கப்பட்டோம் என்பதை அறியாமலேயே அவர் கண்மூட நேர்ந்தது.

எழுவருக்குக் கிடைத்த நீதி

இரண்டாம் உலகப் போரில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட கறுப்பினத்தவர் அமெரிக்கப் படைகளிற் பணியாற்றினர். அப்போருக்காக 400 க்கு மேற்பட்ட ‘மெடல் ஒப் ஒனர்’ பதக்கங்கள் வழங்கப்பட்டன. அவற்றுள் ஒன்றுகூடக் கறுப்பினத்தவர் எவருக்கும் கொடுக்கப்படவில்லை. இதன் காரணத்தை ஆராயும் பொறுப்பு 1993 இல் வட கரோலைனாவிலுள்ள ஷோ பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. கறுப்பினத்தவருக்குக் கொடுக்கக்கூடாது என்ற எழுத்துமூலக் கட்டளை எதையும் ஆய்வாளர்கள் காணவில்லை. இராணுவத்தில் நிலவிய நிறப்பாகுபாடே இதற்குக் காரணம் என்று அவர்கள் முடிவுசெய்தனர்.

சட்டப்படி பதக்கம் வழங்குவதற்கான காலவெல்லை எப்போதோ கடந்துவிட்டிருந்தது. எனவே 1996 இல் காங்கிரஸ் தனிச்சட்டம் இயற்றி அத்தடையை நீக்கியது. 1997 ஜனவரி 13 ஆம் நாள் ஜனாதிபதி கிளின்ரன் எழுவருக்கு அதியுயர் பதக்கத்தை வழங்கினார். அன்று உயிரோடிருந்தவர் வேர்ணன் பேக்கர் ஒருவரே. காட்டரின் பதக்கத்தை அவரது மகன் பெற்றுக்கொண்டார். அடுத்தநாள், லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்து கொண்டுவரப்பட்ட அவரது உடல் ஆர்லிங்டன் தேசிய மயானத்தில் இராணுவ மரியாதையுடன் அடக்கஞ் செய்யப்பட்டது.

சிறிய பதக்கமும் பெரிய பொருளும்

இத்துடன் யாவும் நிறைவுற்றதெனப் பலரும் கருதியிருப்பர். காட்டரின் மருமகள் அலீன் காட்டர் அவ்வாறு கருதவில்லை. நாட்டின் அதியுயர் பதக்கத்துக்கு உரியவரை இராணுவம் ஏன் வெளியேற்றியது என்ற வினா எஞ்சியிருந்தது. வீட்டிலிருந்த கடிதங்களையும் ஆவணங்களையும் அவர் ஒழுங்குபடுத்தினார். தகவல் அறியும் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்துப் புலனாய்வுக் கோப்புகளைப் பெற்றார். அவற்றிற் சந்தேகங்கள் இருந்தனவேயன்றிச் சான்றுகள் இருக்கவில்லை.

1999 இல் ஜனாதிபதி கிளின்ரன் குடும்பத்தாரிடம் எழுத்துமூலம் வருத்தம் தெரிவித்தார். அவ்வாண்டு நவம்பரில் இராணுவத் தலைமையகத்தில் நடைபெற்ற நிகழ்வில், திருத்தப்பட்ட சேவைப் பதிவேடும், அதுவரை வழங்கப்படாதிருந்த மூன்று பதக்கங்களும் குடும்பத்தாரிடம் கையளிக்கப்பட்டன. நன்னடத்தைப் பதக்கம், ஆக்கிரமிப்புப் படைச் சேவைப் பதக்கம், அமெரிக்கக் களச் சேவைப் பதக்கம் என்பனவே அவை.

இம்மூன்றும் இலட்சக்கணக்கானோர் பெற்ற சாதாரணப் பதக்கங்கள். ஆயினும் நன்னடத்தைப் பதக்கத்தின் பொருளை நாம் உற்றுநோக்க வேண்டும். குற்றங்குறையின்றிச் சேவையாற்றிய சிப்பாய்க்கு அது உரியது. காட்டர் வீரர் என்பதை 1945 இலேயே இராணுவம் ஏற்றுக்கொண்டுவிட்டது. அவர் நேர்மையானவர், நம்பத்தக்கவர் என்பதை ஏற்றுக்கொள்ளவே மேலும் ஐம்பத்து நான்கு ஆண்டுகள் தேவைப்பட்டன. அதியுயர் பதக்கம் கிடைத்த பின்னரும் குடும்பத்தார் ஓயாது நின்றது இதற்காகவே.

முகாம்களிலிருந்து சென்றவர்கள்

இத்தகைய மறுபரிசீலனை கறுப்பினத்தவரோடு நின்றுவிடவில்லை. 1942 இல் ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேர், எதிரியின் இனத்தவர் என்ற ஒரே காரணத்துக்காக வீடுவாசல்களை விட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். அம்முகாம்களிலிருந்தும் இளைஞர்கள் படையிற் சேர்ந்தனர். பெற்றோர் முட்கம்பி வேலிக்குள் இருக்க, 442 ஆவது படைப்பிரிவிற் சேர்ந்த பிள்ளைகள் இத்தாலியிலும் பிரான்சிலும் போரிட்டனர். போர் முடிந்தபோது அப்படைப்பிரிவிலிருந்து ‘மெடல் ஒப் ஒனர்’ பெற்றவர், களத்தில் மாண்ட சடாவோ முனெமோரி ஒருவரே.

ஹவாய் மாநிலத்துச் செனட்டர் டானியல் அகாக்காவின் முயற்சியால் 1996 இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, ஆசிய வம்சாவளியினர் பெற்றிருந்த சிறப்புச் சேவைச் சிலுவைகள் யாவும் மறுபடி ஆராயப்பட்டன. 2000 ஜூன் 21 ஆம் நாள் 22 பேருக்கு அதியுயர் பதக்கம் வழங்கப்பட்டது. இத்தாலியில் வலக்கையை இழந்து, பின்னர் செனட்டராக நெடுங்காலம் பணியாற்றிய டானியல் இனோயேயும் அவர்களுள் ஒருவர். 2014 மார்ச்சில் மேலும் 24 பேருக்கு இவ்வாறு நீதி கிடைத்தது. அவர்களிற் பெரும்பாலோர் ஸ்பானிய வம்சாவளியினரும் யூதரும் ஆவர்.

பதிவுகள் ஏன் விடுபட்டன?

இனப்பாகுபாட்டினால் மறைக்கப்பட்டவை ஒருபுறமிருக்க, கவனக்குறைவினால் விடுபட்டவை எண்ணற்றவை. போர் முடிந்ததும் சிப்பாய்கள் இலட்சக்கணக்கில் அவசர அவசரமாக வீடு திரும்பினர். சில பதக்கங்கள் அவர்கள் விலகிய பின்னரே உருவாக்கப்பட்டன. எடுத்துக்காட்டாக, ஆக்கிரமிப்புப் படைச் சேவைப் பதக்கம் 1946 இலேயே தோற்றுவிக்கப்பட்டது. போர்முனையிற் காலாட்படைச் சின்னம் பெற்றவர்கள் வெண்கல நட்சத்திரப் பதக்கத்துக்கும் உரியவர் என 1947 இல் முடிவுசெய்யப்பட்டது. அப்போது பலர் தமது ஊர்களில் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் வேலை செய்துகொண்டிருந்தனர். உரிமை இருந்தும் விண்ணப்பிக்காதவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

இதற்குமேல், 1973 ஜூலை 12 ஆம் நாள் மிசூரி மாநிலத்தில், செயின்ற் லூயிஸ் நகரருகேயுள்ள படையினர் ஆவணக் காப்பகத்தில் தீ மூண்டது. நான்கு நாட்களுக்கு மேலாக எரிந்த அத்தீயில் 1 கோடி 60 இலட்சம் முதல் 1 கோடி 80 இலட்சம் வரையான கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பருக்கும் 1960 ஜனவரிக்கும் இடையில் இராணுவத்திலிருந்து விலகியோரின் கோப்புகளில் நூற்றுக்கு 80 வீதம் இவ்வாறு இல்லாமற் போயின. அவற்றுக்குப் பிரதிகள் எவையும் எடுத்துவைக்கப்பட்டிருக்கவில்லை.

ஆயினும் வழி முற்றாக அடைபட்டுவிடவில்லை. 1946 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவான பதிவேட்டுத் திருத்தச் சபைகள் இத்தகைய விண்ணப்பங்களை விசாரிக்கின்றன. தீர்ப்பளிப்போர் படை அதிகாரிகளல்லர், சிவிலியன்கள். பிழை தெரியவந்து மூன்று ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. ஆனால் நீதியின்பொருட்டு அவ்வெல்லையைத் தளர்த்தச் சபைக்கு அதிகாரம் உண்டு. வீரர் இறந்திருப்பின் மனைவியோ பிள்ளைகளோ விண்ணப்பிக்கலாம். எரிந்த கோப்புக்கு ஈடாகப் படைப்பிரிவின் நாளாந்த அறிக்கை, சம்பளப் பதிவு, வைத்தியசாலைப் பதிவு, உடனிருந்தோரின் சத்தியக்கடதாசி, வீட்டுக்கு எழுதிய கடிதம் என்பன சான்றுகளாக முன்வைக்கப்படுகின்றன. கோரிக்கை ஏற்கப்பட்டால் விடுபட்ட பதக்கங்களைக் குறிப்பிட்டுத் திருத்தப்பத்திரம் வழங்கப்படும்.

காட்டரின் வரலாற்றில் நாம் மனங்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. தவற்றை இராணுவம் தானாகக் கண்டுபிடித்துத் திருத்தவில்லை. ஒரு குடும்பம் தாள்களைப் பேணிவைத்திருந்தது. அக்குடும்பத்துக்கு மருமகளாக வந்த ஒருவர் அவற்றைப் படித்துக் கேள்வி கேட்டார். விடை வரும்வரை எழுதிக்கொண்டேயிருந்தார். எமது வீடுகளிலும் அலுமாரியின் அடித்தட்டில், நெகிழிப் பைக்குள், பழைய கடிதங்களும் அடையாள அட்டைகளும் மங்கிய புகைப்படங்களும் கிடக்கின்றன. அவற்றுக்குப் பிரதி எடுத்து வேறோர் இடத்திலும் வைப்போம். படங்களின் பின்புறத்தில் பெயரையும் ஊரையும் ஆண்டையும், சொல்லக்கூடிய பெரியவர்கள் எம்மோடு இருக்கும்போதே, எழுதிவைப்போம். பிற்காலத்தில் எம் பிள்ளைகள் கேள்வி கேட்க எழும்போது அவர்கள் கையில் ஒரு தாளாவது இருக்கவேண்டும்.