கொல்லைக் கதவு மூடிய பிறகு

காவிரிப் படுகைக் கிராமங்களில் கொல்லை என்று ஒன்று இருந்தது. இடம் பல வீடுகளில் இன்னும் கிடக்கிறது. அதில் இப்போது சிமென்ட் தளம், கழிவுநீர்த் தொட்டியின் மூடி, ஒரு மோட்டார், துணி காயும் கொடி. காய்த்துக் குலுங்கிய பச்சை போனதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஒரு தெருவே சேர்ந்து பயிர்வைத்து, சேர்ந்து சாப்பிட்ட வழக்கமும் அதோடு போய்விட்டது. அதற்குத்தான் இந்த இரங்கல்.

கும்பகோணம், மாயவரம், திருவாரூர் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகள் அகலத்தில் சிறியவை, நீளத்தில் பெரியவை. திண்ணை, ரேழி, முற்றம், சமையற்கட்டு எல்லாம் தாண்டினால் ஒரு தாழ்வான கதவு. திறந்தால் கிணறு, துவைக்கிற கல், அந்தத் தண்ணீர் ஓடித் தேங்கும் இடத்தில் வாழை. கொஞ்சம் தள்ளிக் கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை. மாட்டுக்கொட்டில், வைக்கோல் போர், எருக்குழி. வேலியில் கல்யாணமுருங்கையும் பூவரசும் கிளுவையும். அவற்றின்மேல் அவரையும் கோவையும் ஏறிப் படர்ந்திருக்கும். கடைசியில் வாய்க்கால். பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்கு, அடுப்புச் சாம்பல் அவரைக்கு, காய்கறித் தோலும் கழுநீரும் மாட்டுக்கு, மாட்டின் சாணம் குழிக்கு, குழியின் எரு மறுபடி பாத்திக்கு. குப்பை என்று தெருவில் கொண்டுபோய்க் கொட்ட எதுவும் மிஞ்சவில்லை.

ஆனால் எந்தக் கொல்லையிலும் எல்லாமும் இருந்ததில்லை. இதைத்தான் நாம் மறந்துவிட்டோம். ஒரு வீட்டில் முருங்கை நன்றாக வரும், பக்கத்து வீட்டில் வேர் அழுகும். நாரத்தை தெருவுக்கு ஒன்றோ இரண்டோதான். முருங்கை கோடையில் காய்க்கத் தொடங்கினால் ஒரு குடும்பம் சாப்பிட்டுத் தீராது. பறித்துப் பறித்து இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் எதிர்ச்சாரிக்கும் போகும். பரங்கிக்காயை யாரும் முழுதாக வைத்துக்கொண்டதில்லை. அறுத்தால் பத்தை போட்டு நாலு வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான், இல்லாவிட்டால் கெட்டுப்போகும். அடுத்த வாரம் அந்த நாலு வீட்டில் ஒன்று காய் அறுக்கும். கொடுத்தனுப்பிய பாத்திரம் வெறுமையாகத் திரும்பி வராது. ஒரு பிடி கீரையோ, நாலு எலுமிச்சையோ, ஒன்றும் இல்லையென்றால் கொஞ்சம் வெல்லமோ அதில் இருக்கும்.

“அத்தாச்சி, ரெண்டு ஆர்க்கு கருவேப்பிலை பறிச்சுக்கிறேன்.”

“பறிச்சுக்கயேன், இதுக்கெல்லாம் கேக்கணுமா? விளக்கு வைக்கிறதுக்குள்ள பறிச்சுட்டுப் போ.”

இருட்டிய பிறகு செடியில் கைவைக்கக் கூடாது என்பது வழக்கம். கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கீரைக்கும் காசு கேட்பது தெருவில் தலைகுனிவான காரியம். ஒரு வீட்டில் விளைந்ததன் மிச்சம் இன்னொரு வீட்டின் இல்லாமையை நிரப்பியது. சந்தை பார்க்கிற வேலையை அந்த வேலி பார்த்தது, விலை போடாமல்.

மர முருங்கை விதையிலிருந்து வந்ததல்ல, போத்திலிருந்து வந்தது. காய்ப்பு முடிந்து மரத்தைக் கழிக்கும்போது கையளவு தடிமனுள்ள கிளைகளைப் பார்த்து வெட்டி, நாலைந்து அடி நீளத்துக்கு வைத்துக்கொள்வார்கள். கேட்ட வீடுகளுக்கெல்லாம் ஆளுக்கொன்று. நட்டபின் மேல்முனை காய்ந்துவிடாமல் அதன் தலையில் ஒரு உருண்டைச் சாணியை அப்பி வைப்பார்கள். சில வாரங்களில் சாணிக்குக் கீழே கணுக்களில் பச்சை முளை விடும். இப்படிக் கைமாறிக் கைமாறி, ஒரு தெருவின் முருங்கைகளில் பாதி ஒரே தாய்மரத்தின் கிளைகளாகவே இருந்தன. 1989இல் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்-1 செடிமுருங்கை, விதை போட்ட ஆறேழு மாதத்தில் காய்த்தது. பயிராக வைத்துப் பிழைக்கிற விவசாயிக்கு அது பெரிய வரம். கொல்லைக்கு அது தேவைப்படவில்லை. அங்கே அவசரம் எதுவும் இல்லை.

விதைக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. கொடியில் முதலில் வந்த நல்ல பீர்க்கையோ சுரையையோ பறிக்காமல் விதைக்கு விட்டுவிடுவார்கள். குழந்தைகள் தெரியாமல் பறித்துவிடாதபடி அதில் ஒரு துணிக்கிழிசலைக் கட்டிவைப்பது உண்டு. முற்றிக் காய்ந்த பீர்க்கை அப்படியே அடுப்புக்கு மேலே, புகை படுகிற இடத்தில் தொங்கும். பரங்கி விதையைச் சாணத்தில் பிசைந்து சுவரில் வறட்டிபோல் தட்டி வைப்பார்கள், பூச்சி அண்டாது. ஆடியில் மழை ஈரம் கண்டதும் சுவரிலிருந்து பெயர்த்து ஊன்றவேண்டியதுதான். போன வருஷம் ஒருத்திக்குக் காய்க்கவில்லை என்றாலும் விதை சாகாது, இன்னொருத்தி சுவரில் அது இருக்கும். இன்று பாக்கெட்டில் வாங்குகிற வீரிய ஒட்டு விதையை எடுத்துவைத்துப் போட்டால் அடுத்த வருஷம் அதே காய் வருவதில்லை. எனவே கொடுக்கவும் ஒன்றும் இல்லை, கேட்கவும் ஒன்றும் இல்லை.

கவனித்து வளர்த்தார்கள். புடலைப் பிஞ்சு சுருண்டுகொள்ளாமல் நீளமாக இறங்க, அதன் நுனியில் ஒரு சிறு கல்லை நூலில் கட்டித் தொங்கவிட்டார்கள். அவரையில் அசுவினி அடைந்தால், விடியற்காலையில் பனி ஈரம் இலையில் இருக்கும்போதே சாம்பலைத் தூவினார்கள். ஈரம் காய்ந்தபின் தூவினால் ஒட்டாது என்று பத்து வயதுப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது.

மருந்தும் அங்கேயே இருந்தது. பிள்ளை பெற்ற வீட்டுக்கு முருங்கைக்கீரை, இருமலுக்குத் தூதுவளை, சளிக்குக் கல்யாணமுருங்கை இலை அடை, வாய்க் கசப்புக்கு நாரத்தை ஊறுகாய், பத்தியத்துக்குச் சுண்டைக்காய் வற்றல். இவற்றைக் கேட்டு ஒரு பிள்ளை வேலிப்படலைத் திறந்துகொண்டு வந்தால், அந்த வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பது நாலு வீட்டுக்குத் தெரிந்துவிடும். சாயந்திரம் யாராவது போய்ப் பார்ப்பார்கள். வாட்ஸாப் குழுவில் ‘விரைவில் நலம் பெறுக’ என்று எழுதுகிற காலத்தில் இதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம்.

இறந்ததைப் பற்றி நல்லதை மட்டும் சொல்வது முறையாக இருக்கலாம். இங்கே அது பொய்யாகிவிடும். அந்தக் கொல்லையின் பகிர்வு சாதித் தெருவின் முனையோடு நின்றது. வயலில் உழைத்தவர்களைக் கொல்லைவாசலுக்கு வரச்சொல்லி அங்கேயே நிறுத்திக் கஞ்சி ஊற்றினார்கள். கழிவை அள்ளுகிறவர்கள் வந்துபோகக் கொல்லைக்குப் பின்னால் தனிச் சந்து விட்டார்கள். கூலி விவசாயிகளுக்குக் கொல்லை ஏது? குடிசை நின்ற மண்ணே அவர்களுடையதாக இல்லை. மிராசுதார் கோபப்பட்டால் அன்றே காலி செய்யவேண்டும். 1971இல் வந்த குடியிருப்பு அனுபோகதாரர் சட்டம்தான் அந்த மனையை அவர்களுக்குச் சொந்தமாக்கியது. அதற்கு முன்பும் அவர்கள் சும்மா இருக்கவில்லை. கூரைமேல் சுரைக்கொடி ஏற்றினார்கள். நடவுக்குப் போன பெண்கள் வரப்பிலிருந்து பொன்னாங்கண்ணியும் வல்லாரையும் ஆரைக்கீரையும் கிள்ளி மடியில் கட்டிக்கொண்டு வந்தார்கள். வாய்க்காலில் கெளுத்தியும் வயலில் நண்டும் பிடித்தார்கள். வரப்புதான் அவர்களுக்குக் கொல்லை. களைக்கொல்லி மருந்து வந்தபோது முதலில் பறிபோனது அந்த ஏழைகளின் கறிதான். மேட்டுத்தெருக் கொல்லை அதற்குப் பிறகுதான் செத்தது.

அது ஒரே நாளில் நடக்கவில்லை. எரிவாயு வந்தது, பெண்கள் புகையிலிருந்து தப்பித்தார்கள், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் சாம்பல் நின்றது. பாத்திரம் தேய்க்கச் சோப்புத்தூள் வந்தது. அந்தத் தண்ணீர் வாழைக்கு ஆகவில்லை. டிராக்டர் வந்து உழவு மாடு போனது, பாக்கெட் பால் வந்து கறவை மாடும் போனது, எருக்குழி தூர்ந்தது. கழிப்பறை வந்தது, வரவேண்டியதுதான், எப்போதோ வந்திருக்கவேண்டியது. அதன் தொட்டிக்கு இடம் கொல்லையில்தான் கிடைத்தது. பிறகு பாகப்பிரிவினை. நீளவாக்கில் பிரித்த வீட்டில் முருங்கை ஒரு அண்ணன் பக்கமும் அதன் கிளை தம்பி பக்கமும் நின்றன. வேலியை எடுத்துவிட்டுச் சுவர் எழுப்பினார்கள். படலைத் தள்ளிக்கொண்டு சுரைக்காயோடு போன கால்கள் அத்தோடு நின்றன. எத்தனையோ ஊர்களில் இந்தச் சுவர்தான் கொல்லையின் உயிரை எடுத்தது என்பது என் முடிவு. தண்ணீர் பற்றாக்குறையும் ஆள் பற்றாக்குறையும் பிறகு சொல்லிக்கொண்ட காரணங்கள்.

மிச்சமிருந்ததில் பெரும்பங்கை 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் சாய்த்தது. வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னை லட்சக்கணக்கில் விழுந்ததை நாடறியும். கொல்லையில் வேரோடு விழுந்த பலாவும் முருங்கையும் நாரத்தையும் செய்தியில் அதிகம் வரவில்லை. விழுந்த இடத்தில் பல வீடுகள் மறுபடி மரம் வைக்கவில்லை.

இன்று டெல்டா கிராமத்துக் கடையில் ஒட்டன்சத்திரத்துச் சந்தைக் காய் கிடைக்கிறது, ஆந்திரத் தக்காளி கிடைக்கிறது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது சென்னையில் அரசு அதை ரேஷன் கடையில் வைத்து 60 ரூபாய்க்கு விற்கவேண்டி வந்தது. கிராமமும் அதே விலைக்கு அதே லாரியைத்தான் எதிர்பார்த்து நின்றது. இதற்கு முன்னால், 2015இல், நம்மிடமிருந்து போகும் காய்கறியில் பூச்சிமருந்து எச்சம் இருக்கிறதென்று கேரளம் கெடுபிடி செய்ததே, அப்போது பேச்சில் அதிகம் அடிபட்டது கறிவேப்பிலை. கிணற்றடியில் கேட்பாரற்று வளர்ந்த செடி! 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. கீரை ஒன்றே அதற்குத் தீர்வு என்று சொல்லமாட்டேன். முருங்கைக்கீரை காசில்லாமல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த வீட்டில் வாரத்தில் இரண்டு நாளாவது அது இலையில் விழுந்தது என்பதை மட்டும் சொல்வேன்.

1999இல் தொடங்கிய உழவர் சந்தை நல்ல காரியம். மானியத்தில் பை கொடுத்து மாடித்தோட்டம் போடச் சொல்வதும் நல்லதுதான். ஆனால் மாடி ஒரு வீட்டுக்குரியது. ஏணி ஏறி யாரும் கறிவேப்பிலை கேட்டு வரமாட்டார்கள். பகிர்வு திரும்பி வரவேண்டுமானால் வழி திருத்துறைப்பூண்டி பக்கத்திலேயே இருக்கிறது. ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் விவசாயிக்கு இரண்டு கிலோ பாரம்பரிய விதைநெல் இலவசமாகக் கொடுத்து, அடுத்த ஆண்டு நாலு கிலோவாகத் திருப்பித் தரச் சொன்னார்கள். பணம் கைமாறவில்லை, அழிந்தது என்று நினைத்த நெல்கள் வயலுக்குத் திரும்பின. நெல்லுக்கு நடந்தது அவரைக்கும் பரங்கிக்கும் நடக்கலாம். இந்த முறை கொல்லை இல்லாத தெருவையும் சேர்த்துக்கொண்டு நடக்கவேண்டும்: பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர் ஓரம், அங்கன்வாடிக்குப் பின்னால், குளத்துக் கரை, கோயில் நந்தவனம். ஊருக்குப் பொதுவான மண்ணில் எந்தச் சாதிப் பிள்ளையும் தடையில்லாமல் போய்க் கிள்ளிக்கொள்கிற கீரையாக அது இருக்கட்டும்.

உங்கள் ஊரில் மர முருங்கை வைத்திருக்கிற ஒரு வீடு இன்னும் இருக்கும். காய்ப்பு முடிந்து மரத்தைக் கழிக்கும் சமயம் பார்த்துப் போய் இரண்டு போத்து கேளுங்கள். ஒன்றை உங்கள் வாசலில் நட்டு, மற்றொன்றைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களிடம் கொடுங்கள்.